ஆஸ்பத்திரியும் ஓட்டலும் ஒரே சொல்: ஒரு லத்தீன் வேரின் கதை

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எந்தத் தெருவிலும் ஆஸ்பத்திரி, ஓட்டல், ஹாஸ்டல் என்று மூன்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிடலாம். நோய்க்கு ஒன்று, பசிக்கு ஒன்று, வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் தங்குவதற்கு ஒன்று. மூன்றும் ஐரோப்பியர் வழியாக வந்து நம் பேச்சில் கலந்துவிட்ட சொற்கள். மூன்றுக்கும் தாய் ஒன்றுதான்: 'ஹோஸ்பிட்டாலிஸ்' என்ற லத்தீன் சொல். விருந்தினருக்குரியது என்று பொருள்.

அதையும் தாண்டிப் பின்னால் போனால் விஷயம் இன்னும் சுவையாகிறது. ஆங்கிலத்தில் விருந்தாளியைக் குறிக்கும் 'கெஸ்ட்', விருந்தளிப்பவரைக் குறிக்கும் 'ஹோஸ்ட்', பகைமை பாராட்டுவதைக் குறிக்கும் 'ஹோஸ்டைல்' எல்லாம் இதே குடும்பம். உள்ளே அழைத்து இலை போட வேண்டியவனுக்கும், வாசலிலேயே விரட்ட வேண்டியவனுக்கும் ஒரே வேர் எப்படி அமைந்தது? அகராதியில் இரண்டு வரியில் முடிந்துபோகும் இந்தக் கேள்விக்குள் பழைய உலகம் அயலானை எப்படி நடத்தியது என்ற வரலாறே அடங்கியிருக்கிறது.

முதலில் 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஹோஸ்பிட்டாலிஸ்' இதிலிருந்து பிறந்ததுதான். ஹோஸ்பெஸ் என்றால் விருந்தாளி. விருந்தளிப்பவரும் அதே ஹோஸ்பெஸ்தான். யார் யாருக்குச் சோறு போட்டார் என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியர்கள் 'ஓஸ்பிதே' என்ற சொல்லை இன்றைக்கும் இரண்டு பொருளிலும் வழங்குகிறார்கள், பிரெஞ்சிலும் அப்படித்தான். இதைச் சொல் வறுமை என்று நினைத்துவிடக் கூடாது. இன்று நான் உன் வீட்டில் தங்கினால், நாளை நீ என் ஊருக்கு வரும்போது என் வீடு உனக்குத் திறந்திருக்கும். இருவரையும் கட்டும் உறவு ஒன்று என்பதால் இருவருக்கும் பெயரும் ஒன்றாயிற்று.

ஹோஸ்பெஸ் ஒரு கூட்டுச்சொல். அதன் பின்பாதியில் ஒளிந்திருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல். கணபதி, பசுபதி, அதிபதி என்று வடமொழி வழியாக நாம் தினமும் வழங்கும் 'பதி'தான் அது. வடமொழியும் லத்தீனும் கிரேக்கமும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே மொழிக்குடும்பம். தலைவன், உடையவன் என்று பொருள். வேதமொழியில் 'தம்பதி' என்றால் வீட்டுத் தலைவன். அதன் 'தம்' வீட்டைக் குறிக்கும். இதே இரண்டு உறுப்புகளால் கிரேக்கத்தில் அமைந்த சொல் 'டெஸ்பொடேஸ்'. அது ஆங்கிலத்தில் கொடுங்கோலனைக் குறிக்கும் 'டெஸ்பாட்' ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையில் வரும் தம்பதிக்கு இப்படி ஒரு உறவுக்காரர் இருப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்! ஹோஸ்பெஸ் என்றால் விருந்துக்கு அதிபதி. ரஷ்ய மொழியில் கடவுளைக் குறிக்கும் 'கொஸ்போத்' என்ற சொல்லும் இதே கூட்டு என்பது பெரும்பாலான மொழியறிஞர்களின் கருத்து.

முன்பாதிதான் நம் கதையின் நாயகன். மொழியறிஞர்கள் அதை 'கோஸ்தி' என்று மீட்டமைக்கிறார்கள். முதல் எழுத்தை வடமொழியின் நான்காம் ககரம்போல மூச்சு சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தக் கல்வெட்டிலும் ஓலையிலும் இந்தச் சொல் கிடையாது. லத்தீன், ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியம், ரஷ்யன் அடங்கிய ஸ்லாவியம் ஆகிய கிளைகளில் கிடைக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்து, இவற்றுக்கெல்லாம் தாயாக எது இருந்திருக்க முடியும் என்று கணக்குப்போட்டு எட்டிய வடிவம் அது.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஆட்டுக்கு 'கோட்'. லத்தீனில் ஆட்டுக்குட்டி 'ஹைதுஸ்'. ஜெர்மனில் 'நேற்று' என்பதற்கு 'கெஸ்டெர்ன்'. லத்தீனில் நேற்றைய என்பது 'ஹெஸ்தெர்னுஸ்'. மஞ்சளுக்கு ஜெர்மனில் 'கெல்ப்'. லத்தீனில் மஞ்சள் சாயலுக்கு 'ஹெல்வுஸ்'. ஜெர்மானிய மொழிகளில் ககரம் நிற்கும் இடத்தில் லத்தீனில் ஹகரம் நிற்கிறது. ஒரு சொல்லில் இப்படி நடந்தால் தற்செயல் எனலாம். வெவ்வேறு பொருளுடைய சொற்களில், ஒரே இடத்தில், ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு விதி என்று பெயர். உயிரெழுத்துக்கும் இப்படி ஒரு விதி உண்டு: லத்தீன் ஒகரத்துக்கு ஜெர்மானியத்தில் அகரம். லத்தீனில் எட்டு 'ஒக்தோ', ஜெர்மனில் 'அக்ட்'. இரண்டு விதிகளையும் சேர்த்துப் போட்டால், லத்தீனின் 'ஹோஸ்திஸ்' என்ற சொல்லுக்கு ஜெர்மானிய ஜோடி 'கஸ்திஸ்' என்று இருந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு சொல் உண்மையிலேயே கிடைத்தது. டென்மார்க்கில் காலெஹுஸ் என்ற சிற்றூரில் 1734ல் மண்ணுக்குள்ளிருந்து தங்கத்தால் ஆன கொம்பு ஒன்று வெளிப்பட்டது. கி.பி. 400ஐ ஒட்டிய காலத்தது. விளிம்பில், பழைய ஜெர்மானியர்களின் எழுத்தான ரூனிக் எழுத்தில் ஒரே ஒரு வரி: 'எக் ஹ்லேவகஸ்திஸ் ஹோல்தியஸ் ஹோர்ன தவிதோ'. ஹோல்ட் வழிவந்த ஹ்லேவகஸ்திஸ் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன் என்று பொருள். செய்தவரின் பெயருக்குள்ளேயே 'கஸ்திஸ்', விருந்தாளி என்ற சொல், ஈற்று இகரத்தோடு முழுசாக இருக்கிறது. கொம்பை 1802ல் ஒரு பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார். அதற்கு முன்பே எழுத்துகளைப் படியெடுத்து வைத்திருந்ததால் அந்த வரி பிழைத்தது. ஜெர்மானிய மொழிகளின் மிகப் பழைய வாக்கியங்களில் ஒன்று அது. அதில் விருந்தாளி இருப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆங்கில 'கெஸ்ட்' அந்தக் கஸ்திஸின் வழித்தோன்றல். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் ஒலி யகரமாக இளகியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்று விருந்தாளியை 'யெஸ்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் 'கெஸ்த்ர்' என்ற உச்சரிப்பு வந்துதான் ககரத்தைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கோஸ்தி என்றதும் நம்மில் பலருக்கு 'கோஷ்டி' நினைவுக்கு வரும். கோஷ்டி வேறு குடும்பம். மாடு கட்டும் இடத்தைக் குறித்த வடமொழி 'கோஷ்ட' என்பதிலிருந்து, கூடுமிடம், கூட்டம் என்று வளர்ந்த சொல் அது. காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து உறவு கொண்டாடினால் சொல்லாராய்ச்சி வேடிக்கைப் பேச்சாகிவிடும். இணையத்தில் தினமும் சுற்றிவரும் 'அந்தச் சொல் இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது' என்ற செய்திகளில் பெரும்பாலானவை விழும் குழி இதுதான். ஒலி விதி பொருந்துகிறதா, இடைக்காலச் சான்று உண்டா என்று கேட்காமல் எதையும் ஏற்கக் கூடாது.

சரி, விருந்தாளி பகைவனான கதைக்கு வருவோம். செவ்வியல் லத்தீனில் 'ஹோஸ்திஸ்' என்றால் எதிரி, அதுவும் நாட்டுக்கு எதிரி. ஆனால் ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டம் (கி.மு. 451–450) இச்சொல்லை அப்படி வழங்கவில்லை. வழக்கு விசாரணையை எப்போது ஒத்திவைக்கலாம் என்று அது சொல்லும் காரணங்களில் இரண்டு: ஒன்று கடும் நோய், இன்னொன்று ஹோஸ்திஸ் ஒருவனோடு ஏற்கெனவே குறித்துவிட்ட வழக்கு நாள். எதிரியோடு நீதிமன்றத்தில் நாள் குறித்துக்கொள்வார் உண்டா? அந்தச் சட்டத்தின் ஹோஸ்திஸ் வெளியூர்க்காரன். அவனுக்குக் கொடுத்த தேதியை மாற்றக் கூடாது என்று, படுத்த படுக்கையான நோய்க்குக் கொடுத்த இடத்தை அதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

பிற்கால ரோமானியர்களுக்கே இந்த மாற்றம் வியப்பாக இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதிய லத்தீன் மொழி பற்றிய நூலில், பழைய நாளில் ஹோஸ்திஸ் என்றால் தன் சொந்தச் சட்டப்படி வாழும் அயலான், இன்றோ முன்பு 'பெர்துவெல்லிஸ்' என்று சொல்லப்பட்டவனுக்கு அந்தப் பெயர் போய்விட்டது என்கிறார். பெர்துவெல்லிஸ் என்றால் போரில் எதிர்நிற்பவன். கி.மு. 44ல் ரோமின் பெரும் பேச்சாளர் சிசெரோவும் இதைத் தொட்டார். எதிரியின் கசப்பைத் தணிக்கவே முன்னோர்கள் அவனுக்கு மென்மையான சொல்லை வைத்தார்கள், காலப்போக்கில் அந்தச் சொல்லே கடுமையாகிவிட்டது என்பது அவருடைய விளக்கம். அழகான விளக்கம்தான். ஆனால் மொழி மாறும் விதத்தைவிட முன்னோர் பெருமையே அதில் அதிகம் தெரிகிறது.

எனக்கு வர்ரோவின் ஒரு தொடர்தான் திறவுகோல்: தன் சொந்தச் சட்டப்படி வாழும் அயலான். வந்தவன் ஆண்டி அல்ல, அடிமையும் அல்ல. அவனுக்கு ஒரு ஊர் உண்டு, சட்டம் உண்டு, நம்மோடு பேரம் பேசும் தகுதி உண்டு. பழைய அகராதிக்காரர் ஃபெஸ்துஸ், ஹோஸ்திஸ் என்பதை 'சமமாக்கு' என்று பொருள்படும் பழைய வினைச்சொல்லோடு இணைத்து, அந்த அயலார் ரோமானிய மக்களோடு சம உரிமை உடையவர்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். இதையெல்லாம் திரட்டி எடுத்து விளக்கியவர் பிரெஞ்சு மொழியறிஞர் எமில் பென்வனிஸ்த். கோஸ்தி என்பது கொடுத்து வாங்கும் கடமையால் கட்டுண்ட அயலான் என்று 1969ல் அவர் எழுதினார். குடும்பமும் குலமும் நேருக்கு நேர் உறவு வைத்திருந்த காலம் போய், நகர அரசு எழுந்தபோது, உள்ளே இருப்பவன் குடிமகன், வெளியே இருப்பவன் அந்நியன் என்ற கோடு ஒன்றே மிஞ்சியது. ஹோஸ்திஸ் கோட்டுக்கு வெளியே போய்விட்டான். விருந்தாளிக்கு 'ஹோஸ்பெஸ்' என்ற கூட்டுச்சொல் நிலைத்தது.

பழைய கடமை எப்படி இயங்கியது என்பதைக் காட்ட ஒரு பொருள் இருக்கிறது: 'டெஸெரா ஹோஸ்பிட்டாலிஸ்', விருந்துரிமை அடையாளம். களிமண்ணாலோ எலும்பாலோ உலோகத்தாலோ செய்து, இரு குடும்பங்களும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த கெல்திபேரியர்களின் வெண்கல அடையாளங்கள் பல கிடைத்திருக்கின்றன. சில விலங்கு வடிவில் இருக்கும், சில இரண்டு கைகள் பற்றிக்கொண்ட வடிவில். பேரன் காலத்தில் யாராவது அந்தப் பாதியோடு வாசலில் வந்து நின்றாலும், பொருந்திவிட்டால் உள்ளே அழைக்க வேண்டியதுதான்.

ரோமானிய நாடகாசிரியர் பிளாவ்துஸின் 'போயெனுலுஸ்' நாடகத்தில் இந்தக் காட்சி அப்படியே வருகிறது. வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜைச் சேர்ந்த ஹன்னோ என்பவர் தொலைந்துபோன தம் பெண்களைத் தேடிக் கிரேக்க நகரம் ஒன்றுக்கு வருகிறார். அங்கே அந்திதாமஸ் என்பவர் அவருடைய ஹோஸ்பெஸ். தெருவில் எதிர்ப்பட்ட இளைஞன், அந்திதாமஸ் இறந்துவிட்டார், அவர் தத்தெடுத்த மகன் நான்தான் என்கிறான். ஹன்னோ டெஸெராவை எடுத்து, ஒப்பிட்டுப் பார் என்று நீட்டுகிறார். இதன் ஜோடி என் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, ஹோஸ்பெஸ் என்றே அவரை வாழ்த்தி வரவேற்கிறான் இளைஞன். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் போர் கி.மு. 201ல் முடிந்து, கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் மூட்டிய அச்சம் இன்னும் ஆறாதிருந்த தலைமுறைக்கு எழுதிய நாடகம் இது. நாட்டுக்கு ஹோஸ்திஸாக இருந்த இனத்தவரை மேடையில் ஹோஸ்பெஸ் என்று அழைப்பதை அன்றைய ரோமானியர் கூட்டம் உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

இனி ஆஸ்பத்திரி. கிறிஸ்தவம் பரவியபோது அயலானுக்கு இடம் கொடுப்பது குடும்பத்துக் குடும்பம் செய்யும் ஏற்பாடு என்ற நிலை மாறி, எல்லோருக்கும் பொதுவான அறமாயிற்று. தமிழ் விவிலியத்தில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்று வரும் இடத்தில், லத்தீன் விவிலியத்தில் அந்நியனுக்கு நிற்கும் சொல் ஹோஸ்பெஸ். மடங்களுக்கு விதி எழுதிய பெனெடிக்ட், வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே பாவித்து ஏற்க வேண்டும் என்றார். கிழக்கே செசரியாவில், இன்றைய துருக்கியில், 370ஐ ஒட்டி பேசில் என்ற ஆயர் வழிப்போக்கர், ஏழை, நோயாளி எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய வளாகமே எழுப்பினார். மேற்கே லத்தீன் பேசிய ஊர்களில் இப்படிப்பட்ட இல்லத்துக்கு 'ஹோஸ்பிட்டாலே', விருந்தினர் இல்லம், என்று பெயர் நிலைத்தது. எருசலேமில் அமால்ஃபி வணிகர்கள் யாத்திரிகர்களுக்காக ஏற்படுத்திய இல்லத்தைச் சுற்றி ஒரு துறவியர் சங்கம் வளர்ந்து, 1113ல் போப்பின் அங்கீகாரம் பெற்றது. ஹாஸ்பிட்டலர்கள் என்று வரலாறு சொல்லும் படைத்துறவிகள் அவர்கள்தான்.

அந்த இல்லங்களில் நோயாளிகள் இருந்தார்கள். யாத்திரிகர், அநாதைக் குழந்தைகள், முதியவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் இதற்கு இன்றும் கண்கூடான சாட்சி உண்டு. 1552ல் தொடங்கிய 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' ஒரு பள்ளிக்கூடம். இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டாம் சார்லஸ் 1682ல் நிறுவிய லண்டன் 'ராயல் ஹாஸ்பிடல் செல்சி' வயதான படைவீரர்கள் வாழும் இல்லம். பெயரைப் பார்த்து அங்கே மருத்துவம் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை மற்ற வேலைகளை மெல்ல மெல்ல ஓரங்கட்டியதால் சொல்லும் சுருங்கியது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1664ல் ஆங்கிலேயர் தங்கள் சிப்பாய்களுக்காக ஒரு ஹாஸ்பிடல் திறந்தபோது, அது நோய்வாய்ப்பட்டவர்களுக்கான இடமாகத்தான் இருந்தது.

தமிழ் நாக்குக்கு ஹகரம் ஒட்டவில்லை. முதல் எழுத்தை விட்டுவிட்டு, கடைசி லகரத்தை ரகரமாக்கி, ஆஸ்பத்திரி என்று ஆக்கிக்கொண்டது. இதைக் கொச்சை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு செய்தி. ரோமானியர்களே இந்த ஹகரத்தை விட்டவர்கள்தான். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சாதாரண மக்கள் பேச்சில் அது உதிரத் தொடங்கியிருந்தது. படித்தவன்போல் காட்டிக்கொள்ள இல்லாத இடத்திலெல்லாம் ஹகரம் சேர்த்துப் பேசிய ஆர்ரியுஸ் என்பவரைக் கேலிசெய்து கட்டுல்லுஸ் ஒரு கவிதையே பாடியிருக்கிறார். இத்தாலியத்தில் ஆஸ்பத்திரி 'ஓஸ்பெதாலே'. பிரெஞ்சில் ஹகரத்தை எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

அதே ஹோஸ்பிட்டாலே பழைய பிரெஞ்சு வாய்களில் தேய்ந்து 'ஒஸ்தெல்' ஆகி, தங்குமிடம் என்ற பொருளில் 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'ஹாஸ்டல்' என்று நுழைந்தது. பிரான்சிலோ நடு ஸகரம் உச்சரிப்பிலிருந்து போய்விட்டது. 1740ல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதியில் இப்படி ஒலிக்காத ஸகரங்களை எடுத்துவிட்டு உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக் குறியைப் போட்டது. அந்தக் குறி போட்ட 'ஓதெல்' 18ஆம் நூற்றாண்டில் மறுபடி ஆங்கிலத்துக்கு வந்து 'ஹோட்டல்' ஆயிற்று. ஒரே சொல், ஒரே வாசல், இரண்டு வருகை. பிரான்சில் இச்சொல் பெரிய மாளிகைகளையும் குறிக்கும். பாரிஸ் நகர மண்டபம் 'ஓதெல் த வீல்'. அங்குள்ள பழம்பெரும் ஆஸ்பத்திரி 'ஓதெல் தியூ', கடவுளின் இல்லம். தமிழ்நாட்டில் ஓட்டல் சாப்பாட்டுக் கடையாகிவிட, அறைக்கு லாட்ஜைத் தேடுகிறோம்.

பகைவன் பக்கமும் ஒரு கிளை ஓடியது. இடைக்கால லத்தீனில் ஹோஸ்திஸ் எதிரி என்பதிலிருந்து படை என்று பொருள் மாறியது. ஆங்கிலத்தில் பெருங்கூட்டத்தைக் குறிக்கும் இன்னொரு 'ஹோஸ்ட்' அங்கிருந்து வந்தது. தமிழ் விவிலியத்தின் 'சேனைகளின் கர்த்தர்' என்ற தொடருக்கு ஆங்கிலத்தில் நிற்பது இதுதான். ருமேனிய மொழியில் 'வஸ்தே' என்றால் படை. விருந்து கொடுப்பவரும் படையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் நிற்பதன் காரணம் இதுவே.

வழிப்போக்கர் இல்லத்தைக் குறித்த 'ஹாஸ்பிஸ்' நம் காலத்தில் புதுப்பொருள் பெற்றது. 1967ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ், குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளின் வலியைத் தணித்து உடனிருப்பதற்காக ஓர் இல்லத்தைத் திறந்து அதற்கு இந்தப் பழைய பெயரையே வைத்தார். பொருள் அறிந்து தேர்ந்த சொல் அது.

இன்னும் தீராத ஒரு வழக்கு பாக்கி: பிணைக்கைதியைக் குறிக்கும் 'ஹோஸ்டேஜ்'. பிணையாளைக் குறிக்கும் 'ஒப்செஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பது ஒரு கட்சி. ஹோஸ்பெஸிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குப் பொருள் பொருத்தம் நேராக இருக்கிறது. ஆனால் பழைய காலத்துப் பிணையாள் பெரும்பாலும் இருட்டறையில் கிடந்தவன் அல்ல. பிடித்தவர் வீட்டிலேயே தங்கியவன். கி.மு. 167ல் கிரேக்கத்திலிருந்து ஆயிரம் பேரை ரோமானியர் இத்தாலிக்குக் கொண்டுபோனபோது அவர்களில் ஒருவரான பொலிபியுஸ், ரோமின் பெருங்குடும்பங்களில் ஒன்றான ஸ்கிப்பியோ குடும்பத்துக்கு நெருக்கமாகி, அந்த வீட்டு இளைஞனுக்கு ஆசானாகவும் நண்பராகவும் வாழ்ந்து, ரோமின் எழுச்சியைப் பற்றிய வரலாற்றை எழுதினார். பழைய பிரெஞ்சில் 'ஒஸ்தாஜ்' என்ற சொல்லுக்குப் பிணை என்பதோடு தங்குமிடம் என்ற பொருளும் இருந்தது. அதனால் நான் இரண்டாம் கட்சிப் பக்கம் சாய்கிறேன். குறைந்தபட்சம் இரண்டு சொற்களும் வழியில் கலந்திருக்க வேண்டும்.